மணிக்கூடு முதலில், படம் கடைசியில்: கைவேக மூளை விளையாட்டுகளை நாமே செய்ய ஒரு முழு வழிகாட்டி

செய்யப் போவது நான்கு சிறு விளையாட்டுகள். திரையில் ஏதோ தோன்றும். கண்டவுடன் ஒரு விசையை அமத்த வேண்டும், அல்லது அமத்தாமல் பொறுத்திருக்க வேண்டும். காசுக்கு விற்கிற மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பலவற்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இவைதான். கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதுகிற ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளில், இணையம் இல்லாமலே, இவற்றை நாமே செய்துகொள்ளலாம். வன்னியில் ஒரு சனசமூக நிலையத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோ என்ன இருக்குமோ அதை மனதில் வைத்து எழுதுகிறேன்: ஒன்றிரண்டு பழைய லப்டொப், எப்போதாவது போகிற கரண்ட், ஒரு கூட்டம் பிள்ளைகள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் இடறுகிறார்கள். முதலில் யானை வரையத் தொடங்குவார்கள். பிறகு யானையின் தும்பிக்கை ஆட வேண்டும், காது அசைய வேண்டும். அதிலேயே அரை நாள் போய்விடும். நேரம் அளக்கிற பகுதியைக் கடைசியில் அவசரமாக ஒட்டுவார்கள். அது பிழையாக அளக்கும், பிள்ளைகள் அதற்குள் குறுக்குவழி கண்டுபிடித்துவிடுவார்கள், இரண்டு நாளில் விளையாட்டு அலுத்துவிடும். ஆகவே இங்கே ஒழுங்கு தலைகீழ்: மணிக்கூடு முதலில், படம் கடைசியில்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது உள்ள கணினி வேண்டும். பழைய விண்டோஸில் ஸ்க்ராட்ச் 3 ஏறாது, ஆகவே இதை முதலில் பாருங்கள். நிறுவும் கோப்பை இணையம் உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவந்தால் போதும்.

30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று, ஒரு கொப்பி, நீல மஞ்சள் நிறத் தாள், பசை. அடிமட்டம் எதற்கென்று அடுத்த பகுதியில் தெரியும்.

வயர் உள்ள விசைப்பலகை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் லப்டொப்பின் சொந்த விசைகள் போதும். லப்டொப்பின் தொடுபலகையைத் தட்டி விளையாட வைக்காதீர்கள். அது ஒரு தட்டா இரண்டு தட்டா என்று தீர்மானிக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரம் பிள்ளையின் கணக்கில் விழும்.

2. கணினியைத் திறக்காமல் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்

ஒருவர் அடிமட்டத்தைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்கட்டும். மற்றவர் பூச்சியக் கோட்டுக்கு நேரே பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்கட்டும். சொல்லாமல் விட்டுவிட, அவர் பிடிக்க வேண்டும். விரல் பிடித்த இடத்தில் எத்தனை சென்ரிமீற்றர் என்று பாருங்கள்.

10 சென்ரிமீற்றர் என்றால் 0.14 வினாடி. 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25. விழுகிற பொருளின் தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்து வருகிற எண்கள் இவை. விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டால் கணக்கைப் போட்டே காட்டுவார்.

இது ஏன் முதலில்? பூமியின் ஈர்ப்புக்குப் பற்றரி தேவையில்லை, மென்பொருள் பிழையும் இல்லை. ஒரு பிள்ளை அடிமட்டத்தில் 0.20 எடுத்து, லப்டொப்பில் எப்போதும் 0.32 எடுத்தால், இடைவெளியில் ஒரு பங்கு கணினியின் தாமதம் என்று அறிந்துகொள்ளலாம். மறுபக்கமாக, லப்டொப் 0.04 என்று காட்டினால் உங்கள் நிரலில் ஓட்டை இருக்கிறது. இரண்டும் ஒரே வேலை அல்ல, அதனால் எண்கள் அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற பிடி கிடைத்துவிடும்.

3. முதல் விளையாட்டு: வட்டம் பச்சையானால் அமத்து

ஒரே ஒரு வட்டம், இரண்டு கொஸ்டியூம் (ஒரே உருவின் வேறு வேறு தோற்றம்): ஒன்று சாம்பல், ஒன்று பச்சை. வேறு படம் வேண்டாம். ஸ்க்ராட்சின் கட்டளைக் கட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கும். பெயரைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதுகிறேன். பிள்ளைகள் நிறத்தைக் கொண்டே தேடிக்கொள்வார்கள்: தொடக்கக் கட்டைகள் மஞ்சள், உணர்கிற கட்டைகள் வெளிர் நீலம், கணக்குக் கட்டைகள் பச்சை. மாறிகளின், அதாவது எண்ணைச் சேமித்து வைக்கிற பெட்டிகளின், பெயரை நீங்கள் தமிழிலேயே வைக்கலாம்.

ஒழுங்கு இது. பச்சைக் கொடியை அழுத்தியதும் வட்டம் சாம்பலாகட்டும். ஸ்பேஸ் விசை அமத்தப்பட்டிருந்தால் விரலை எடுக்கும்வரை பொறுக்கட்டும். 'காத்திருப்பு' என்ற மாறிக்குள் பிக் ராண்டம் 1.5 முதல் 4.0 வரை ஓர் எண் விழட்டும். ரீசெட் டைமர் (மணிக்கூட்டைப் பூச்சியத்தில் தொடங்குகிற கட்டை). பிறகு டைமர் காத்திருப்பைத் தாண்டும்வரை ஒரு ரிப்பீட் அன்டில் (அதுவரை திரும்பத் திரும்ப ஓடுகிற கட்டை). அதற்குள்ளே ஸ்பேஸ் அமத்தப்பட்டால் 'முந்திவிட்டாய்' என்று காட்டி அந்த ஆட்டத்தை நிறுத்தட்டும். தாண்டியதும் வட்டம் பச்சை, உடனே கீழே மறுபடியும் ரீசெட் டைமர், அதற்குக் கீழே ஸ்பேஸ் அமத்தும்வரை வெயிட் அன்டில், பிறகு டைமரின் எண் 'நேரம்' என்ற மாறிக்குள்.

எழுதினால் நாலு வரிதான். இடறுகிற இடங்கள் பல, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிக் ராண்டம் 1 முதல் 4 என்று முழு எண்ணாகப் போட்டால் 1, 2, 3, 4 என்ற நான்கு காத்திருப்புகள்தான் வரும். பிள்ளைகள் மனதுக்குள் எண்ணி, வினாடி விழுகிற கணத்தில் அமத்தப் பழகிவிடுவார்கள். ஒரு பக்கத்திலாவது தசமப் புள்ளி இருந்தால்தான் இடைப்பட்ட எண்கள் வரும். எல்லாவற்றிலும் அதிகம் காண்கிற பிழை இதுதான்.

விசையை விடாமல் அமத்திப் பிடிப்பது அடுத்தது. 'ஸ்பேஸ் அமத்தப்பட்டதா' என்ற கட்டை, விரலை எடுக்கும்வரை ஆம் என்றே சொல்லும். முந்திவிட்டதைப் பிடிக்கிற பகுதி இல்லாவிட்டால், பிடித்தபடியே இருக்கிற பிள்ளைக்குப் பூச்சியமளவில் விழும், அதுதான் அன்றைய சாதனை. தொடக்கத்தில் விரலை எடுக்கும்வரை பொறுக்கிற கட்டை அதற்காகத்தான்.

பச்சையாக்குகிற கட்டைக்கும் ரீசெட் டைமருக்கும் இடையில் எதையும் செருகாதீர்கள். சிலர் அங்கே ஒரு மணிச் சத்தத்தை, 'முடியும்வரை ஒலிக்கட்டும்' என்ற கட்டையால் போடுவார்கள். சத்தம் ஓடி முடியும்வரை மணிக்கூடு தொடங்காது. சத்தம் வேண்டுமென்றால் ஸ்டார்ட் சவுண்ட் போடுங்கள், அது நிரலை நிறுத்தி வைக்காது.

டைமர் முழுத் திட்டத்துக்கும் ஒன்றே ஒன்று. இரண்டு ஸ்பிரைட்டுகள் (திரையில் இயங்குகிற உருக்கள்) தனித்தனியே ரீசெட் செய்தால் ஒன்றின் நேரத்தை மற்றது அழித்துவிடும். மணிக்கூட்டை ஒரு ஸ்பிரைட்டின் கையில் மட்டும் கொடுங்கள்.

கடைசியாக, 0.1 வினாடிக்குக் குறைந்த எதையும் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். ஓட்டப்போட்டியில் துவக்குச் சத்தத்துக்குப் பின் 0.1 வினாடிக்குள் கால் எடுத்தால் பிழையான தொடக்கம் என்பது உலகத் தடகள விதி. கண்டபின் அமத்துவதற்கு அந்த நேரம் போதாது, ஊகித்து அமத்தியதுதான்.

4. ஒன்பது தடவை, நடுவில் இருப்பது

ஒருவரை ஒரு தடவை அளந்து எண்ணைச் சொல்லாதீர்கள். ஒன்பது தடவை அளந்து, சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, ஐந்தாவதை எடுங்கள். பாடசாலைக் கணிதத்தில் இதற்கு இடையம் என்று பெயர்.

ஏன் இடை, அதாவது சராசரி, எடுக்கக் கூடாது? ஒரு தடவை வெளியே மோட்டார் சைக்கிள் போனால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், 1.4 வினாடி விழும், அந்த ஒன்று முழு இடையையும் இழுத்துவிடும். ஆகக் குறைந்ததையும் எடுக்கக் கூடாது, அது அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுப்பது. இடையம் இரண்டையும் பொருட்படுத்தாது.

ஸ்க்ராட்ச் வினாடிக்கு 30 தடவைதான் திரையையும் விசையையும் பார்க்கிறது. ஆகவே 0.03 வினாடிக்குக் குறைந்த வித்தியாசம் வித்தியாசமே இல்லை. '0.241, 0.233, நான்தான் முதலாவது' என்று சண்டை வரும், கட்டாயம் வரும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒருவரை எப்போதும் ஒரே கணினியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளவிடுங்கள். பற்றரி குறையும்போது லப்டொப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது விளையாட்டும் இழுக்கும். கரண்ட் இருக்கும் நாளில் வயரோடும் இல்லாத நாளில் பற்றரியிலும் அளந்து ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது இலங்கை மின்சாரத்தைத்தான். மத்தியானச் சோற்றுக்குப் பின் எடுத்த எண்ணைக் காலை எண்ணோடு வைத்துப் பேசுவதிலும் பயனில்லை.

5. இரண்டாவது: மாடும் யானையும்

இது பொறுத்திருக்கிற விளையாட்டு. வயலுக்குள் மாடு வந்தால் அமத்தித் துரத்து, யானை வந்தால் சும்மா இரு. வன்னிப் பிள்ளைகளுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை. படம் இப்போதும் வேண்டாம், 'மா' என்றும் 'யா' என்றும் இரண்டு கொஸ்டியூம் போதும்.

ஐந்தில் நாலு தடவை மாடு, ஒரு தடவை யானை. பிக் ராண்டம் 1 முதல் 5, எண் 1 விழுந்தால் யானை. இங்கே முழு எண்தான் வேண்டும், தசமப் புள்ளி போட்டால் யானை அநேகமாக வரவே வராது. பாதிக்குப் பாதி வைத்தால் விளையாட்டு செத்துவிடும். கை அமத்தி அமத்திப் பழகியபின் திடீரென்று நிறுத்த வேண்டும் என்பதுதான் இதன் சோதனை. அதற்கு மாடு அதிகமாக வர வேண்டும்.

வெயிட் அன்டில் இங்கே உதவாது, ஏனென்றால் யானைக்குச் சரியான பதில் அமத்தாமல் விடுவது, நிரல் அப்படியே நின்றுவிடும். டைமர் 0.8 தாண்டும்வரை ரிப்பீட் அன்டில் வைத்து, அதற்குள் அமத்தப்பட்டதா என்று பாருங்கள். மாட்டுக்கு எடுத்த நேரத்தையும் யானைக்கு அமத்திய பிழைகளையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே புள்ளியாகக் கூட்டினால், நிதானமாகப் பிழையின்றி ஆடிய பிள்ளையும் கண்ணை மூடி அடித்த பிள்ளையும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

6. மூன்றாவது: சொல் ஒன்று, நிறம் ஒன்று

'நீலம்' என்ற சொல் மஞ்சள் நிறத்தில் வரும். எழுதியிருப்பதை விட்டு, மையின் நிறத்துக்குரிய விசையை அமத்த வேண்டும். வாசிக்கத் தெரிந்தவருக்குச் சொல் முந்திக்கொண்டு வரும், கை தடுமாறும். 1935இல் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தச் சோதனைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

பலரும் சிவப்பையும் பச்சையையும் எடுப்பார்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், அதிலும் ஆண்களில், எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். சிலருக்குத் தங்களுக்கு அப்படி என்றே தெரியாது. நீலமும் மஞ்சளும் எடுங்கள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் தெரியாது, பின்னணியைக் கறுப்பாக்குங்கள். இடது அம்புக்குறி விசையில் நீலத் தாளும் வலதில் மஞ்சள் தாளும் வெட்டி ஒட்டுங்கள். எந்த விசை எந்த நிறம் என்று நினைவுபடுத்துவதிலேயே நேரம் போகக் கூடாது.

தமிழ்ச் சொற்களை ஸ்க்ராட்சுக்குள் தட்டாமல், பெயின்ற் போன்ற ஒன்றில் எழுதிப் படமாகச் சேமித்து கொஸ்டியூமாக ஏற்றுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது எழுத்து உடையாது.

சொல்லும் நிறமும் பொருந்துவது 11 தடவை, பொருந்தாதது 11 தடவை, கலந்து வரட்டும். இரண்டுக்கும் தனித்தனி லிஸ்ட் (எண்களை வரிசையாகச் சேர்க்கிற பட்டியல்), தனித்தனி இடையம். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அந்தக் கழித்தல்தான் புள்ளி. நான்கு விளையாட்டிலும் எனக்கு அதிகம் நம்பிக்கையுள்ள எண் இது. கணினியின் தாமதம் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவாக இருப்பதால் கழிக்கும்போது போய்விடுகிறது. பழைய லப்டொப், புது லப்டொப் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வாசிப்பு இன்னும் சரளமாகாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் அவ்வளவாக வராது. அவர்கள் அண்ணன்மாரை வென்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

7. நான்காவது: புளியங்கொட்டை

ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளிகள், சிதறிய புளியங்கொட்டைகள்போல, அரை வினாடி தோன்றி மறையும். எத்தனை என்று எண் விசையை அமத்த வேண்டும். நாலு வரை கண்ட மாத்திரத்திலே தெரிந்துவிடும், அதற்கு மேல்தான் பிழைகள் தொடங்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் சிதறலை மாற்றி மூன்று நாலு கொஸ்டியூமாவது வையுங்கள். தாயக்கட்டையின் புள்ளிகள்போல ஒரே அடுக்கில் வைத்தால் எண்ணாமல் வடிவத்தையே மனப்பாடம் செய்துவிடுவார்கள். மறைந்ததும் வெறும் திரை வராமல், கோடுகள் நிறைந்த ஒரு படம் வரட்டும். கண்ணில் தங்கிய சாயலை வைத்து எண்ணுவதை அது தடுக்கும்.

8. நான்கையும் கோப்பதும் வேகம் கூட்டுவதும்

தனித்தனியே நான்கும் சரியாக ஓடும்வரை இங்கே வராதீர்கள். கோத்தபின் பிழை எங்கே என்று தேடுவது பெரிய பாடு.

கோப்பதற்கு பிரோட்காஸ்ட் அன்ட் வெயிட் (ஒன்றைத் தொடங்கச் சொல்லி, அது முடியும்வரை பொறுக்கிற கட்டை) வேண்டும். வெறும் பிரோட்காஸ்ட் போட்டால் நான்கும் ஒரே நேரத்தில் தொடங்கி, மாடும் புளியங்கொட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சொல் அறிவிப்பு வையுங்கள்: அமத்து, பொறு, நிறம், எண்ணு. ஒரு வசனமாக எழுதினால் வாசிக்கிற வேகத்தை அளந்தவர்களாவீர்கள்.

நேர எல்லையை 5 வினாடியில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் அரை வினாடி கழிப்பது பிழை, பத்துத் தடவையில் பூச்சியம். பதிலாக 0.9ஆல் பெருக்குங்கள்: பத்துத் தடவைக்குப் பின் 1.7 வினாடியளவு, இருபதுக்குப் பின் 0.6. அதற்குக் கீழே போகவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று சரியென்றால் ஒரு படி கூட்டுங்கள், ஒரு பிழை விட்டால் ஒரு படி இறக்குங்கள். இப்படி வைத்தால் எவரும் பத்துக்கு எட்டளவு சரியாகச் செய்கிற இடத்தில் போய் நிற்பார்கள். தரம் 6 பிள்ளையும் அம்மம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் ஆடலாம், இருவருக்கும் அலுக்காது.

எல்லா மாறிகளையும் பச்சைக் கொடியின் கீழே முதல் வேலையாகப் பூச்சியமாக்குங்கள். ஸ்க்ராட்ச் முந்தைய ஆட்டத்தின் எண்களை அப்படியே வைத்திருக்கும்.

9. சத்தமும் மினுக்கமும்

ஸ்க்ராட்சுக்குள் வருகிற சத்தங்களைப் பிள்ளைகள் ஆசையாகப் போடுவார்கள். வெடிப்பது போன்றதும் திடீரென்று உரத்து எழுவதும் வேண்டாம். இங்கே 2009 வரை நடந்தவற்றுக்குள் இருந்து வந்தவர்கள் பக்கத்து அறையில் இருக்கக்கூடும். பிழை விட்டால் மெல்லிய ஒரு 'டொக்' போதும். திரை மினுக்குவதை வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் வைக்காதீர்கள், சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம்.

எந்த விளையாட்டும் ஒரு கையால் ஆடக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு கையும் வேண்டும் என்று அமைத்துவிட்டு வருகிற ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

10. ஆட்களை உட்கார்த்திப் பார்ப்பது

செய்தவர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. 'அம்மா, இப்ப அமத்துங்கோ' என்று ஒரு தடவை சொல்லிவிட்டாலும் விளையாட்டு தானாக விளங்குகிறதா என்று தெரியாமல் போய்விடும். எங்கே கை தயங்குகிறது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள்.

முதல் இரண்டு சுற்றையும் பழக்கச் சுற்றாக விட்டு, எண்ணைச் சேர்க்காதீர்கள். விதியை விளங்கிக்கொள்கிற நேரம் அதில் கலந்திருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும், கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் வருவதானால் காலபோக அறுவடை முடிந்தபின் கூப்பிடுங்கள். அதற்கு முன் வருகிறவர் களைத்துப்போய்த்தான் வருவார்.

இந்தக் கட்டத்துக்குப் பின்தான் படம். மாட்டையும் யானையையும் இப்போது வரையலாம். ஆனால் இரண்டும் ஒரே பருமனாக, ஒரே இடத்தில் வர வேண்டும். யானை பெரிதாக வந்தால் பார்க்காமலே தெரிந்துவிடும்.

11. பெற்றோர் கேட்கும் கேள்வி

'இது ஸ்கொலர்ஷிப்புக்கு (புலமைப்பரிசில் பரீட்சைக்கு) உதவுமா?' கட்டாயம் கேட்பார்கள். உதவும் என்று சொல்லாதீர்கள்.

2010இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இணையவழி மூளைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த வேலைகளில் கெட்டிக்காரர் ஆனார்கள். பயிற்சி செய்யாத வேலைகளுக்கு, அவை அதே வகையைச் சேர்ந்தவையாக இருந்தாலும், அந்தக் கெட்டித்தனம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பாடசாலையிலும் வேலையிலும் திறமை கூடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016இல் 2 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அதனால் புள்ளி ஏறும்போது 'மாடு துரத்துவதில் பழகிவிட்டான்' என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். இந்த விளையாட்டை ஆடும் பிள்ளையைவிடச் செய்யும் பிள்ளைதான் கூடக் கற்கிறது என்பது என் எண்ணம். இடையத்தைத் தேவைப்பட்டு எடுக்கிறது, தன் நிரலில் மற்றவன் கண்ட ஓட்டையை அடைக்கிறது. பெற்றோரிடம் அதைச் சொல்லலாம்.

12. மற்றவர்களுக்குக் கொடுப்பது

ஸ்க்ராட்ச் கோப்பு .எஸ்பி3 என்ற பின்னொட்டோடு சேமிக்கப்படும். பென்ட்ரைவில் கொடுக்குமுன் லிஸ்ட்டின்மேல் வலது கிளிக் செய்து எண்களை எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துவிட்டு, லிஸ்ட்டை வெறுமையாக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் அடுத்த ஊருக்குப் போகும்.

போனில் ஆட வேண்டுமென்றால் டர்போவார்ப் பக்கேஜர் என்ற இலவசக் கருவி முழு விளையாட்டையும் ஒரே எச்ரிஎம்எல் கோப்பாக மாற்றித் தரும், பிரவுசரில் திறக்கலாம். போனில் ஸ்பேஸ் விசை இல்லை, ஆகவே மாற்றுமுன் அமத்துகிற இடங்களில், திரை தொடப்பட்டதா என்று பார்க்கிற 'மவுஸ் டவுன்' கட்டையைப் போடுங்கள். நிறத்துக்கும் எண்ணுக்கும் திரையிலே பொத்தான்கள் வரைய வேண்டும். போனில் எடுத்த எண்ணையும் லப்டொப்பில் எடுத்ததையும் கொப்பியில் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். கோப்பின் பெயரில் திகதியைச் சேர்த்துவிடுங்கள், எது திருத்திய பிரதி, எது பழையது என்று பிறகு தேடத் தேவையில்லை.